ஊட்டியிலிருந்து டிக்கியில் வந்த 14 தொட்டிகள்

மே கடைசி வாரம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் நர்சரி வாசலில் காரை நிறுத்தி டிக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே 14 தொட்டிகள். பெட்டூனியா, பேன்சி, சினரேரியா, நடுவில் ராணி மாதிரி ஒரு ஹைட்ரேஞ்சா. குடும்பத்தோடு ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு இறங்கும் வழியில் சாலையோரக் கடையில் வாங்கியிருக்கிறார். திருச்சிக்கு வந்து ஐந்தே நாள், பேன்சி வெந்த கீரை மாதிரி தொட்டி விளிம்பில் தொங்கியது. "ஏமாத்திட்டாங்க தம்பி, நாலு நாளைக்கு நிக்கிற மாதிரி வேருக்கு ஏதோ ஊத்தி வித்திருக்காங்க" என்றார்.

அந்த வாரத்தில் அவர் எட்டாவது ஆள். முந்தின ஏழு பேரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

யாரும் எதையும் ஊற்றவில்லை சார். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாம் நூறு மீட்டர்கூட இல்லை. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறரை டிகிரி கூடும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே மே மாத நண்பகலிலும் 22, 23 டிகிரிதான், ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும். இங்கே ராத்திரி மின்விசிறிக்கு அடியிலேயே நமக்குத் தூக்கம் வரவில்லை, பேன்சிக்கு மட்டும் வருமா? இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

விளக்க வேண்டியது வேறு. ஹைட்ரேஞ்சா பல வருஷம் வாழும் புதர், அதைக் கொல்வது வெயில்தான். ஆனால் மற்றவை குளிரிலேயே இருந்திருந்தாலும் செத்துத்தான் போயிருக்கும், கொஞ்சம் தாமதமாக. அவை சீசன் பூக்கள். விதைத்து, முளைத்து, பூத்து, காய்த்து, முடிந்துவிடும். பெட்டூனியா, ஆஸ்டர், ஃப்ளாக்ஸ் எல்லாவற்றையும் தோட்டத்தில் வளர்ப்பது ஒரே பருவத்துக்குத்தான். அறுவடையான பிறகு நெற்பயிர் காய்ந்துவிட்டது என்று எந்த விவசாயியாவது கடைக்காரனிடம் சண்டைக்குப் போவாரா? குலை தள்ளிய வாழையை நாமே வெட்டிச் சாய்க்கிறோம். கொல்லையில் நிற்கும் டிசம்பர் பூச்செடியிடம் மே மாதம் போய் ஏன் பூக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை, பேரிலேயே மாதம் இருக்கிறது. பூந்தொட்டி என்று வந்துவிட்டால் மட்டும், காசு கொடுத்து வாங்கியதாலோ என்னவோ, அது மாமரம் மாதிரி பேரப்பிள்ளை காலம் வரை நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். செடி சாகவில்லை ஐயா, அதன் வேலை முடிந்தது. இதை நான் வருஷத்துக்கு நூறு தடவையாவது சொல்கிறேன், எதிரில் இருப்பவர் தலையாட்டிவிட்டு, "சரி, உரம் என்ன போடலாம்?" என்கிறார்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் 1896-இல் தொடங்கிய கண்காட்சி அது. மே மாதத்தில் பூ வெடித்து நிற்க வேண்டும் என்றால் மூன்று, நான்கு மாதம் முன்னாலேயே நாள் எண்ணி விதைப்பார்கள். அந்த நேரம் அங்கே உறைபனி. விடியற்காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுவார்கள், செடிகளுக்கு மேல் கோத்தகிரி மிலார் என்ற செடியை வெட்டிவந்து போர்த்துவார்கள். பிறகு நுனி கிள்ளி, தொட்டி மாற்றி, கண்காட்சிக்குச் சில நாள் முன்பு காட்சி மாடங்களில் ஆயிரக்கணக்கில் அடுக்குவார்கள். நீங்கள் பார்ப்பது அந்தச் செடியின் வாழ்க்கையில் உச்சமான பத்து, பதினைந்து நாள். சாலையோரக் கடையில் கிடைப்பதும் அதே வயதுதான். கல்யாணப் பந்தியில் பரிமாறிய பாயசத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்துக் குடிக்க முடியுமா?

அடுத்தது, கண்காட்சியில் செடியைக் கிள்ளுகிறவர்கள். "திருடி வச்ச செடிதான் நல்லா வளரும்" என்று யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியவில்லை, அவர்கள் மட்டும் என் கையில் கிடைத்தால்! மணி பிளான்ட் எங்கே வெட்டி வைத்தாலும் கணுவில் வேர்விடும். காசு கொடுத்தாலும் விடும், திருடினாலும் விடும், கீழே விழுந்து கிடந்தாலும் விடும். அதைப் பார்த்துவிட்டு எல்லாச் செடிக்கும் இந்தச் சாஸ்திரத்தைப் பொருத்துகிறார்கள். மொட்டும் பூவுமாக இருக்கும் சீசன் செடியில் கிள்ளிய கிளை, கிழச் செடியின் கிளை. கைப்பையில் கசங்கி, மேட்டுப்பாளையம் வருவதற்குள் வதங்கி, வீட்டுக்கு வந்ததும் குப்பைக்குப் போகும். அதற்காக யாரோ நான்கு மாதம் குனிந்து வளர்த்த பாத்தியில் ஓட்டை விழுகிறது. படித்த பெண்மணி ஒருவர், பக்கத்தில் சின்னப் பிள்ளையை நிறுத்திக்கொண்டே கிள்ளியதை நானே பார்த்திருக்கிறேன். காவலாளி கேட்டதற்கு, "ஒரு கிளைதானே?" என்றார். அன்றைக்கு வந்த எல்லாருக்கும் ஒரு கிளைதானே, அக்கா.

இன்னொன்று, என் தொழில்காரர்களைத் தவிர யாரும் கவலைப்படாத விஷயம்: மண். 1961-இல் நீலகிரி உருளைக்கிழங்கு வயல்களில், வேரைத் தாக்கும் மிகச் சிறிய புழுவான நூற்புழு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கிழங்கே இல்லாமல் போனாலும் அதன் முட்டைக்கூடு மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்துக்கிடக்கும். அதனால்தான் அங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடையே போட்டார்கள். திருச்சி வெயிலில் அது பெருகாது, நமக்குப் பயமில்லை. ஆனால் ஊட்டித் தொட்டியை வாங்கிக்கொண்டு ஏற்காட்டிலோ வேறு மலையிலோ இருக்கும் சொந்தக்கார வீட்டுக் கிழங்குத் தோட்டத்தில் வைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு மலையின் மண்ணை இன்னொரு மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சரி, ஆசையாக இருக்கிறது, என்னதான் செய்வது? விதை வாங்குங்கள். நமக்கும் சீசன் உண்டு, அது மே இல்லை. சென்னையில் 2022 ஜூனில் நடந்த மலர்க் கண்காட்சி கலைவாணர் அரங்கத்துக்குள் நடந்தது. பிறகு செம்மொழிப் பூங்காவில் 2024-இல் பிப்ரவரியிலும் 2025-இல் ஜனவரியிலும் நடத்தினார்கள். சமவெளியில் திறந்த வெளியில் பெட்டூனியா சிரிக்கும் காலம் அதுதான். அக்டோபரில் மழை படாத இடத்தில் குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு போட்டு விதையுங்கள், மழை ஓய ஓயத் தொட்டிக்கு மாற்றுங்கள், தை மாதம் பூ பார்க்கலாம். போன வருஷச் செடியில் விதை எடுத்து வைத்தேன் என்று பொட்டலத்தோடு வராதீர்கள். கலப்பின ரகமாக இருந்தால் தாய் மாதிரி பிள்ளை வராது, பிறகு அதற்கும் என்னைத்தான் திட்டுவீர்கள்.

வெயில் காலத்துக்குப் பூ வேண்டுமா? கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஜினியா, டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி. இவை வெயிலைக் குடித்து வளர்கிறவை. ஊட்டிப் பூ மாதிரி வெல்வெட்டாக இருக்காதுதான், ஆனால் மே மாதம் மொட்டை மாடியில் நிற்கும்.

ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டீர்களா? காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். இலை துவளும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அது தாகம் இல்லை, சூடு. அதற்கு மேலும் ஊற்றினால் வேர் அழுகும், மிச்சமிருக்கும் ஒரு வாரமும் போச்சு. உரம் வேண்டவே வேண்டாம். இருக்கிற பூவைப் பார்த்துக்கொண்டிருங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் கண்காட்சிக்குப் போகும்போது, போட்டோவுக்காகப் பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். கோடை மழையில் நனைந்த மண், மிதித்தால் இறுகிவிடும், வேருக்குக் காற்றுப் போகாது. பூவுக்குப் பக்கத்தில் நின்றாலே போதும், பூவும் நீங்களும் படத்தில் விழுவீர்கள். பிள்ளைகளிடமும் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். உள்ளே போன பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது.

தலைமையாசிரியர் கடைசிவரை முழுதாக நம்பவில்லை. "சரி, விதை குடு, அக்டோபர்ல பாக்கறேன்" என்றார், எனக்குப் பரீட்சை வைக்கிற குரலில். பேன்சியைப் பிடுங்கிவிட்டு அந்தத் தொட்டிகளில் வாடாமல்லி நாற்று வைத்துக் கொடுத்தேன். ஹைட்ரேஞ்சாவை மட்டும் தொடவிடவில்லை, அது அவர் மனைவி தேர்ந்தெடுத்ததாம்.