அட்டவணைக்குள் போன நீள எண் ஏன் மாறி வருகிறது?

12345678901234567890. நிரல் இப்படித்தான் அச்சிட்டது. ஆவணத்தில் வந்த அட்டவணையிலோ 12345678901234567168 என்று நிற்கிறது. நிரலில் பிழை இல்லை. அதற்கும் அட்டவணைக்கும் நடுவில் ஒருவர் கை வைத்திருக்கிறார்.

விளக்கத்தையும் நிரலையும் ஒரே கோப்பில் எழுதும் முறைக்கு ‘லிட்டரேட் புரோகிராமிங்’ என்று பெயர் வைத்தவர் கணினி அறிஞர் டொனால்ட் கனூத். 1984-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நிரல் ஓடியதும் விடையும் அதே கோப்பில் வந்து உட்காரும் வசதி இன்று ஈமாக்ஸ் என்ற உரைதொகுப்பியின் ஆர்க் மோட், ஜூபிட்டர், நிட்டர் போன்ற கருவிகளில் இருக்கிறது.

விடையை அட்டவணையாக்க வேண்டுமென்றால், வந்த எழுத்துகளைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். பல கருவிகள் அதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, ‘இது எண் மாதிரி இருக்கிறதே’ என்று எண்ணாக மாற்றிவிடுகின்றன. பிறகு அந்த எண்ணைத் திரும்ப எழுத்தாக்கி ஆவணத்தில் வைக்கின்றன. கூட்டல், சராசரி போட உதவும் என்ற நல்லெண்ணம்தான். சேதாரம் இந்தப் போக்குவரத்தில் நடக்கிறது.

காரணம், பெரும்பாலான மொழிகள் பயன்படுத்தும் 64 பிட் மிதவைப் புள்ளி வடிவம் (எண்ணைக் குறிப்பிட்ட அளவு இலக்கங்களும் ஓர் அடுக்குமாகச் சேமிக்கும் முறை). அதில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட் மட்டுமே. 9007199254740992 வரை எல்லா முழு எண்களும் துல்லியமாக அடங்கும். அதைத் தாண்டினால் இரட்டை எண்களுக்கு மட்டும்தான் இடம். அப்புறம் நான்கின் மடங்குகள், எட்டின் மடங்குகள் என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகும். நம் 20 இலக்க எண் இருக்கும் பகுதியில் இடைவெளி 2048. 890 என்று முடிய வேண்டியது, பக்கத்தில் கிடைத்த இடத்தில், 168 என்று முடிந்தது அதனால்தான். கைபேசியை அடையாளம் காட்டும் 15 இலக்க ஐஎம்இஐ எண் தப்பிவிடும். 16 இலக்க வங்கி அட்டை எண் தப்புமா என்பது முதல் இலக்கத்தைப் பொறுத்தது.

ஆர் என்ற நிரல்மொழியில் 1234567890123 என்பது சுருங்கி அடுக்குக்குறியில் (1.234568e+12 என்று) தெரிந்தால் பதற வேண்டாம். ஏழு இலக்கம் காட்டுவது அதன் வழக்கம். உள்ளே எண் முழுதாக இருக்கிறது. தோற்றச் சுருக்கம் வேறு, இழப்பு வேறு.

நீளமே இல்லாமலும் சேதம் வரும். 007 எண்ணானால் 7. உயிரியலில் 2310009இ13 என்ற வடிவிலான அடையாளக் குறிகளை (நடுவில் இருப்பது ஆங்கில இ எழுத்து) விரிதாள்கள் அடுக்குக்குறி எண்ணாக எடுத்துக்கொண்டது பிரபலமான கதை. பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தில் இன்னொரு வம்பு: முழு எண்கள் இருக்கும் நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், வழக்கமான அமைப்பில் நெடுவரிசை முழுவதும் மிதவைப் புள்ளிக்கு மாறிவிடும். ஒரு வரி விடுபட்டதற்கு மற்ற எல்லா வரிகளும் தண்டனை அனுபவிக்கின்றன!

சரி, என்ன செய்வது? இரண்டு அடையாள எண்களை யாரும் கூட்டப் போவதில்லை; அவற்றை எழுத்தாகவே வைத்திருக்கலாம். ஆனால் அதை முதல் படியிலேயே சொல்லிவிட வேண்டும். இலக்கம் போன பிறகு எழுத்தாக மாற்றினால் தவறான எண் தவறாகவே எழுத்தாகும். பாண்டாஸில் கோப்பைப் படிக்கும்போதே நெடுவரிசையின் வகையைக் குறிப்பிடுங்கள். கோப்பில் மேற்கோள் குறி போட்டிருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, குறியை உரித்துவிட்டு உள்ளிருப்பதை எண்ணாகவே அது எடுத்துக்கொள்ளும்.

ஆர்க் மோடில் ‘வெர்பாட்டிம்’ என்று கேட்டால் விடை வந்தபடியே வரும், ஆனால் அட்டவணை கிடைக்காது. அட்டவணையும் வேண்டுமென்றால், கட்டங்களைப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகளை நிரலே அச்சிடட்டும். விடையை ‘ரா’ (எதையும் மாற்றாமல்) என்று வாங்குங்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான், கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும். அந்த அட்டவணையை அடுத்த நிரலுக்கு உள்ளீடாகக் கொடுத்தால் கட்டங்கள் மறுபடியும் சோதிக்கப்படும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அப்போது எண்ணாக மாறினாலும், ஈமாக்ஸ் 27 முதல் மிகப் பெரிய முழு எண்களும் துல்லியமாக அடங்குகின்றன. பழைய பதிப்புகளில் அந்த வசதி இல்லை.

சோதனைக்கு 01234567890123456789 போன்ற ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். முன்னால் சுழியம், 20 இலக்கம், கடைசியில் சுழியமல்லாத இலக்கம். நிறைய சுழியங்களோடு முடியும் எண்ணைக் கொடுத்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்ததே தெரியாமல் போகலாம்.