கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு லீவு போட முடியாதவர்களுக்கு

ஊருக்குப் பக்கத்தில் பெரிய குவாரியோ ரசாயன ஆலையோ வருகிறதென்றால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதைத்தான் சொல்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும், கலெக்டரோ அவர் சார்பில் ஓர் அதிகாரியோ தலைமை வகிப்பார். சட்டப் பின்னணி இவ்வளவு போதும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் வேலைநாள், காலை பத்து பதினொரு மணி, ஏதோ ஒரு கல்யாண மண்டபம். மில்லுக்கும் கொத்து வேலைக்கும் போகிறவர்கள் வேலை முடிந்து வருவதற்குள் நாற்காலியை மடக்கி ஏற்றிவிடுகிறார்கள். மறுநாள், ஊரில் பெரிய எதிர்ப்பு இல்லை என்று ஒரு பேச்சு கிளம்பும். வார நாளில்தான் வைக்க வேண்டும் என்று அந்த அறிவிக்கையில் எங்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அதிகாரிகளுக்கு லீவு போகும், அவ்வளவுதான்.

'பத்துப் பேர்கூட வரவில்லை என்றால் கூட்டம் செல்லாது' என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கிராம சபைக்குக் கோரம், அதாவது குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, உண்டு, இதற்குக் கிடையாது. நாலு பேர் வந்தாலும் நடந்ததாகத்தான் கணக்கு. புறக்கணிப்பு என்று வாசலோடு திரும்பிய ஊர்களுக்கும் இதே கதிதான்.

சரி, போக முடியாது, என்ன செய்வது? எழுதி அனுப்புங்கள். மக்கள் கருத்து என்று சட்டம் சொல்வதில் கூட்டம் ஒரு பாதி, எழுத்தில் வாங்குவது இன்னொரு பாதி. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். நீங்கள் வாங்கும் பேப்பரில் அது வராமல் போக நிறைய வாய்ப்பு உண்டு, அதனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தையும் ஊராட்சி அலுவலகப் பலகையையும் அவ்வப்போது பாருங்கள். எந்த முகவரிக்கு எழுதுவது என்பது அந்த விளம்பரத்திலேயே இருக்கும். கலெக்டருக்கும் ஒரு நகல் போடுங்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 'அப்படி ஒரு கடிதமே வரவில்லையே' என்ற பதிலுக்கு நம்மிடம் இருக்கும் ஒரே மருந்து அதுதான். நேரில் கொடுப்பதாக இருந்தால் நகலில் சீல் வாங்காமல் நகராதீர்கள்.

ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்து வாங்கி அனுப்புவதுதான் நம் ஊர்ப் பழக்கம். அது ஒரே கருத்தாகச் சுருங்கிப் போகலாம். தனித்தனியாக, 'என் கிணறு இத்தனை மீட்டரில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இந்த இடத்தில் இருக்கிறது' என்று எழுதினால் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். அதற்கு, திட்டத்தால் என்ன பாதிப்பு வரும் என்று நிறுவனம் தரப்பில் தயாரித்த வரைவு அறிக்கையைப் பார்க்க வேண்டும். அது கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் இருக்க வேண்டும், சுருக்கம் தமிழிலும். 'சார் கேம்ப் போயிருக்கார், பீரோ சாவி அவரிடம்தான்' என்பார்கள். அந்த நாளையும் அந்தப் பதிலையும் அப்படியே உங்கள் கடிதத்தில் ஏற்றிவிடுங்கள்.

பட்டா இருக்கிறதா, ஓட்டர் ஐடி இந்த ஊரா என்று வாசலிலேயே மடக்குவார்கள். அறிவிக்கை இதையெல்லாம் கேட்கவில்லை. வாடகைக்குக் குடியிருப்பவரும் பேசலாம். பிழைப்புக்காகத் திருப்பூரில் இருக்கிறவருக்கும் இங்கே வீடோ நிலமோ இருந்தால் தாராளமாக எழுதலாம்.

வீட்டில் ஒருவராவது கூட்டத்துக்குப் போக முடிந்தால் நல்லது. வந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும், 'நேரமாச்சு, முக்கியமானவங்க மட்டும் பேசுங்க' என்பது மைக் வைத்திருப்பவர் போட்ட விதி. வருகைப் பதிவில் கையெழுத்துப் போடலாம், மேலே தலைப்பு இல்லாத வெள்ளைத் தாளில் மட்டும் போடவே போடாதீர்கள். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டால் அதில் என்ன எழுதினார்கள் என்று தெரியாமலே போகும்.

அப்புறம், கிராம சபை. வருடத்துக்கு ஆறு நாளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 விடுமுறை, அதனால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம். திட்டம் வரப்போகிறது என்று காதில் விழுந்த உடனே அங்கே ஒரு தீர்மானம் போட்டு, அதன் நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். அது அனுமதியைத் தானாகத் தடுத்துவிடாது, ஆனால் கடிதத்தோடு இணைத்தால் கோப்பில் ஏறும்.

இத்தனைக்கும் பிறகு அனுமதி கொடுத்துவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். கெடு 30 நாள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்கலாம், அதை நம்பி உட்கார வேண்டாம்.