சுழற்றி எறிந்த அணி

1906-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி ஆடிய 11 ஆட்டங்களிலும் வென்றது. எடுத்த புள்ளிகள் 407, கொடுத்தவை வெறும் 11. ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. இரு முனையும் கூம்பிய நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறும் முரட்டு ஆட்டம். 1905-ல் அதில் இளைஞர்கள் பலர் உயிரிழக்க, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட்டார். மறு ஆண்டு விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியலாம் என்றானது.

அனுமதி தாராளமானதல்ல. எறிந்த பந்து யார் கையும் படாமல் தரையில் விழுந்தால் எதிரணிக்குப் போய்விடும். எனவே பல பயிற்சியாளர்கள் எறியவே தயங்கினார்கள். செயின்ட் லூயிஸின் பயிற்சியாளர் எடி காக்கம்ஸோ கோடையிலேயே அணியை விஸ்கான்சினின் பியூலா ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று எறிதலைப் பழக்கினார். பந்தின் தையல் கயிற்றில் விரல்களைப் பதித்து, மணிக்கட்டைத் திருகி, நீள அச்சில் சுழலும்படி விட வேண்டும். அன்றைய பந்து இன்றையதைவிடப் பருமன். வழவழப்பான தோலில் விரலுக்குப் பிடிமானம் தந்தது அந்தக் கயிறுதான்.

சுழலாத பந்து காற்றில் குட்டிக்கரணம் போடும். அகலமான பக்கம் காற்றில் மோதும்போதெல்லாம் வேகம் குறையும், திசை தடுமாறும். சுழலும் பந்துக்குக் கோண உந்தம், அதாவது சுழற்சியை அப்படியே தொடர வைக்கும் உந்தம், உண்டு. அதன் அச்சு எளிதில் சாயாது. கூர்முனை காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் எதிர்ப்பும் குறைவு.

இங்கே ஒரு புதிர். அச்சு மாறாது என்றால், மேல்நோக்கி எறிந்த பந்து இறங்கும்போதும் மூக்கை, அதாவது முன்முனையை, தூக்கியபடியே அல்லவா வர வேண்டும்? நல்ல எறிதலில் மூக்கு பாதையோடு சேர்ந்து கீழே திரும்புகிறது. காரணம் காற்றுதான். அது மூக்கைப் புரட்டிவிடப் பார்க்கிறது. ஆனால் சாயப்போகும் பம்பரம் விழாமல் தலையைச் சுற்றுவதுபோல, பந்தின் மூக்கும் பக்கவாட்டில் நகர்ந்து, தான் செல்லும் திசையைச் சுற்றிச் சிறு வட்டமிடுகிறது. பாதை வளைய வளைய அந்த வட்டமும் கூடவே வளைகிறது.

1906 செப்டம்பர் 5 அன்று, வாக்கிஷா நகரில் கேரல் கல்லூரிக்கு எதிராக செயின்ட் லூயிஸ் வீரர் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பந்து வீணாகி எதிரணிக்குப் போனது. அதே ஆட்டத்தில் அவர் மீண்டும் எறிய, சக வீரர் ஜாக் ஷ்னைடர் பிடித்தார்: 20 கெஜம், டச்டவுன் (எதிரணியின் இறுதிக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது).

கிழக்குக் கரையின் பெரிய கல்லூரிகள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1913-ல் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி இதே உத்தியால் ராணுவ அகாடமியை 35-13 என்று வீழ்த்தியபோதுதான் நாடே வியந்தது. எறிதலைக் கண்டுபிடித்ததே நோட்டர் டேம்தான் என்று நம்பியவர்களும் ஏராளம்.