ஸ்கேன் ‘சுத்தம்’ என்கிறது, வைரஸ் ஏன் போகவில்லை?

“முழு ஸ்கேன் ஓட்டிவிட்டேன், ஒன்றும் இல்லை என்றே வருகிறது. ஆனாலும் கேட்காத விளம்பரங்கள் வந்து நிற்கின்றன, நீக்கிய நிரல் மறுநாள் திரும்பி வந்துவிடுகிறது. ஏன்?” வீட்டில் கணினி வைத்திருக்கும் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

எளிய காரணங்களை முதலில் பார்த்துவிடலாம். திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும் “உங்கள் கணினியில் 5 வைரஸ்” போன்ற எச்சரிக்கைகளில் பல, ஏதோ ஒரு தளத்துக்கு நாம் தெரியாமல் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதியால் வருபவை. பிரௌசர் அமைப்புகளில் அந்த அனுமதியை ரத்து செய்தால் நின்றுவிடும். நீக்கிய எக்ஸ்டென்ஷன் (பிரௌசரில் சேர்க்கும் துணை நிரல்) திரும்பி வந்தால், கணக்கில் இருப்பதை எல்லாச் சாதனங்களுக்கும் நகலெடுக்கும் ‘சிங்க்’ வசதியே அதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். வேறு சில நிரல்கள், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் விண்டோஸின் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ பட்டியலில் தங்களுக்கு ஒரு நேரம் குறித்து வைத்துவிட்டு, அந்த நேரம் வந்ததும் தங்களை மறுபடி இறக்கிக்கொள்கின்றன.

இவை எதுவும் இல்லையென்றால்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறோம்: ஸ்கேன் செய்யும் நிரலையே ஏமாற்றும் வித்தை.

பொதுவாக ஒரு நிரல் ஹார்டு டிஸ்க்கை நேராகப் பார்ப்பதில்லை. “இந்தக் கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன?” என்று விண்டோஸைக் கேட்கிறது, விண்டோஸ் ஒரு பட்டியல் கொடுக்கிறது. அந்தப் பட்டியல் நினைவகத்தில் எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்று பாருங்கள். ஒவ்வொரு கோப்பின் பதிவிலும் அதன் பெயரும் விவரமும் இருக்கும். கூடவே, “அடுத்த பதிவு இத்தனை பைட் தள்ளி இருக்கிறது” என்று ஓர் எண்ணும் இருக்கும். படிக்கும் நிரல் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு பதிவாகத் தாவிப் போகிறது.

அ, ஆ, இ என்று மூன்று கோப்புகள், ஒவ்வொரு பதிவுக்கும் 100 பைட் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆ’தான் தீய நிரல். விண்டோஸுக்கும் ஸ்கேன் நிரலுக்கும் நடுவில் அது தன் ஆள் ஒருவனை நிறுத்தியிருக்கிறது. பட்டியல் கைமாறும் கணத்தில் அவன் செய்வது ஒரே ஒரு வேலை: ‘அ’வில் எழுதியிருக்கும் 100-ஐ 200 ஆக மாற்றுகிறான். அவ்வளவுதான். படிக்கும் நிரல் ‘அ’விலிருந்து நேராக ‘இ’க்குத் தாவிவிடும். ‘ஆ’ டிஸ்க்கிலும் இருக்கிறது, பட்டியலின் நடுவிலும் இருக்கிறது. அதை யாரும் மிதிப்பதில்லை, அவ்வளவே. ஓர் எண்ணை மாற்றி ஒரு கோப்பை இல்லாமல் ஆக்கிவிடும் இந்தச் சிக்கனத்தை எண்ணி நான் வியக்காத நாளில்லை. இப்படி ஒளியும் நிரல்களுக்கு ‘ரூட்கிட்’ என்று பெயர்.

இந்த வித்தை பிசி வைரஸ் பிறந்தபோதே பிறந்தது. 1986-இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ், ஃப்ளாப்பியின் தொடக்கப் பகுதியில் தான் குடியேறிக்கொண்டு, அங்கிருந்த அசல் பகுதியை வேறிடத்தில் பத்திரப்படுத்தி வைத்தது. யாராவது தொடக்கப் பகுதியைப் படிக்கக் கேட்டால், பத்திரப்படுத்திய அசலை எடுத்துக் காட்டியது. பார்த்தவர்கள் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பினார்கள்.

அப்படியானால் பிடிப்பது எப்படி? திருடனே கணக்குப்பிள்ளையாக இருக்கும் கடையில் பேரேட்டைப் புரட்டிப் பயனில்லை, சரக்கறைக்குள் போய் மூட்டைகளை எண்ண வேண்டும். விண்டோஸ் வல்லுநர்களான மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதிய ‘ரூட்கிட் ரிவீலர்’ இதைத்தான் செய்தது. விண்டோஸிடம் கேட்டு ஒரு பட்டியல், டிஸ்க்கில் பதிந்திருக்கும் பைட்டுகளைத் தானே படித்து இன்னொரு பட்டியல். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் யாரோ ஒளிந்திருக்கிறார்கள். பொய் சொல்பவனின் பொய்யே அவனைக் காட்டிக்கொடுக்கிறது!

2005 அக்டோபரில் ருசினோவிச் தம் சொந்தக் கணினியில் இதை ஓட்டியபோது சிக்கியது, கடையில் காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி இசைத்தட்டு ஒன்று நிறுவிய நகல் தடுப்பு நிரல். பெயர் ஒரு குறிப்பிட்ட முன்னொட்டுடன் தொடங்கும் எல்லாக் கோப்புகளையும் அது மறைத்தது. சில நாட்களிலேயே வேறு தீய நிரல்களும் அதே முன்னொட்டைச் சூட்டிக்கொண்டு அந்த மறைவில் ஒதுங்கின. நவம்பரில் நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. வாங்கியவரின் கணினியை அவருக்கே தெரியாமல் பொய் சொல்ல வைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது. அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியது இதைவிட எளிது. தீய நிரல் ஓடினால்தானே பொய் சொல்லும்? அது எழுவதற்கு முன்பே டிஸ்க்கைப் படித்துவிட வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்கு வசதி இருக்கிறது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், ஸ்கேன் ஆப்ஷன்களில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி அணைந்து, வழக்கமான விண்டோஸ் இல்லாமல் ஒரு சிறிய தனிச் சூழலில் எழுந்து, சுமார் 15 நிமிடம் டிஸ்க்கை ஆராயும். அந்த நேரத்தில் ஒளிந்திருக்கும் கோப்பு வெறும் கோப்புதான், எந்த எண்ணையும் மாற்ற அதற்குக் கையில்லை. திறந்திருக்கும் வேலைகளை மட்டும் முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதவே முடியாது என்று கணினி அறிஞர் ஃப்ரெட் கோஹன் 1980-களிலேயே நிறுவிவிட்டார். அதனால் சந்தேகம் தீரவில்லையென்றால் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, வேறொரு நல்ல கணினியில் தயாரித்த பென் டிரைவிலிருந்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரி. இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பது மூடநம்பிக்கை. ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை மந்தமாக்குவதுதான் மிச்சம். கிராக் செய்த மென்பொருளை நிறுவ ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால், அணைக்காதீர்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்: 2017 மே மாதம் உலகை உலுக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட ‘வான்னாக்ரை’ நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே ஒட்டு (பேட்ச்) வெளியிட்டிருந்தது.

மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ 2017 முதல் தீய நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. இப்படி ஒன்று இருப்பதை ஊர் ஊராகத் தமிழில் எடுத்துச் சொல்லவும், ரூட்கிட் வேட்டை போன்ற ஆராய்ச்சியை நம் கல்லூரிகளில் வளர்க்கவும் அரசு தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சுத்தம் செய்த பிறகு பலர் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. இன்றைய தீய நிரல்களில் பல, நெடுநாள் ஒளிந்திருக்க விரும்புவதில்லை. பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களையும் லாகின் குக்கிகளையும் (நாம் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் அடையாளச் சீட்டுகள்) அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஆகவே தொற்றில்லாத வேறொரு சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி என்று கடவுச்சொற்களை மாற்றி, ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். திருடப்பட்ட குக்கி செல்லாமல் போவது அப்போதுதான்.