இருமல்தான் நின்றுவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?

காசநோய்க்கு மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகும்போது அநேகமாக எல்லோரும் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்கள். காய்ச்சல் இல்லை, நன்றாகப் பசிக்கிறது, எடையும் ஏறியிருக்கிறது, அப்புறம் எதற்கு இன்னும் நாலு மாதம்? நியாயமான கேள்விதான். கிருமி எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்தால் பதில் புரிந்துவிடும்.

கிருமியை விழுங்கிச் செரிப்பதற்கென்றே நம் உடம்பில் மேக்ரோபேஜ் என்ற செல்கள் இருக்கின்றன. விழுங்கியதை ஒரு சின்னப் பைக்குள் அடைத்து, அமிலமும் நொதிகளும் உள்ள இன்னொரு பையோடு சேர்த்துவிடும். பெரும்பாலான கிருமிகளின் கதை அதோடு முடிந்தது. காசநோய்க் கிருமி அந்த இரண்டு பைகளையும் சேரவே விடாது. தன்னைக் கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே தங்கிப் பெருகும். போதாததற்கு மெழுகு மாதிரி கெட்டியான கொழுப்புச் சுவர் வேறு. ஈ.கோலி கிருமி நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும், இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும், காசநோய்க் கிருமிகளிலேயே சிலவோ பெருகுவதையே நிறுத்திவிட்டுத் தூங்குவது போலக் கிடக்கும். வேகமாகப் பெருகுகிறவை முதல் சில வாரங்களில் செத்துவிடுவதால்தான் இருமல் நிற்கிறது. மீதி மாதங்கள், மருந்துக்கு எளிதில் சாகாமல் தூங்குகிறவற்றுக்காக.

இப்படி ஒளிவது காசநோய்க் கிருமி மட்டுமில்லை. டைபாய்டு கிருமி பித்தப்பைக் கல்லின் மேல் படலம் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கும், அந்த ஆளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது.

ஐந்தாவது மாதம் ஓர் இளைஞர் மறுபடி இருமலோடு வந்தார். "ஒரு நாள்கூட விடல டாக்டர்" என்றார். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். "சாதாரணமாத்தான் போகுது." காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் உள்ளே போனால் சில மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரை போட்டாலே குமட்டியதாம், உடம்பும் தேறிவிட்டதால் மூன்றாவது மாதமே விட்டுவிட்டாராம். சளிப் பரிசோதனையில் கிருமி திரும்ப வந்திருந்தது. நல்லவேளை, மருந்துக்கு மசியாத கிருமியாக அது மாறியிருக்கவில்லை.

குமட்டல் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் மாத்திரை போடும் நேரத்தை மாற்றிப் பார்த்திருக்கலாம், குமட்டலுக்கு வேறு மருந்தும் கொடுத்திருக்கலாம். தயவுசெய்து சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே வந்துவிடுங்கள்.