பெட்டி விழவில்லையா? மாடலைத் தொடுவதற்கு முன் படத்தைப் பாருங்கள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்டுகளுக்கு வழிகாட்டுவதும் என் வேலையில் சேர்ந்தது. கம்ப்யூட்டர் விஷன் (படத்தில் இருப்பதைக் கணினியே கண்டுபிடிக்கும் துறை) எடுத்தவர்கள் லேப்டாப்பைத் திறந்ததும் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "சார், மாடல் சரியில்ல. பெட்டியே விழ மாட்டேங்கு." படத்தில் கண்டுபிடித்த பொருளைச் சுற்றி வரையும் கட்டத்தைத்தான் பெட்டி என்கிறார்கள். உடனே, பொருளைக் கண்டுபிடிக்கக் கற்ற அந்த மாடலை மறுபடி டிரெயின் பண்ணப் போய்விடுகிறார்கள். ராத்திரி முழுக்க ஓட்டியும் பெட்டி விழாது. சிலர் 'இது நமக்கு வராது' என்று தலைப்பையே மாற்றிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் நான் பார்த்தவரை கோளாறு மாடலில் இருப்பது குறைவு, வரைகிற அந்த ஒரு வரியில் இருப்பதே அதிகம். படங்களைக் கையாள உதவும் ஓபன்சிவி (OpenCV) என்ற நிரல் தொகுப்பில் வரையும்போது நேரும் பிழைகள் பல, எரர் எதுவும் காட்டாமல் கடந்துபோய்விடும்.

கூந்தன்குளம் சரணாலயத்துப் பறவைகளை எண்ணும் புராஜெக்ட் ஒன்று வந்தது. ஊருக்குள் மரங்களில் கூடு கட்டியிருக்கும் சங்குவளை நாரைகளைப் போனில் எடுத்திருந்தார்கள். மாடல் நாரைகளைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. நிரலில் பச்சை நிறமும் 0, 255, 0 என்று ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் படத்தை முன்பே கிரேஸ்கேலாக (நிறமில்லாத சாம்பல் படமாக) மாற்றிவிட்டு அதன்மேல் வரைந்திருக்கிறார்கள். ஒரே சேனல் (நிற அடுக்கு) உள்ள படத்தில் ஓபன்சிவி அந்த மூன்று எண்களில் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். முதல் எண் 0, அதாவது கறுப்பு. மரத்தின் இருட்டான கிளைகளுக்கு நடுவே கறுப்புப் பெட்டிகள் இருந்துகொண்டேதான் இருந்தன, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. கிரே படத்தைத் திரும்ப மூன்று சேனலாக மாற்றி வரைந்ததும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. வண்ணப் படத்திலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஓபன்சிவிக்கு வரிசை நீலம், பச்சை, சிவப்பு. சிவப்பு கேட்டு நீலம் வந்தால் காரணம் இதுதான்.

அடுத்தது எக்ஸ், ஒய் குழப்பம். படத்தின் அளவைச் சொல்லும் ஷேப் (shape) கேட்டால் முதலில் உயரம், அப்புறம் அகலம் வரும். வரையும் ஃபங்ஷன்களோ முதலில் எக்ஸ், பிறகு ஒய் கேட்கும். போனை நிமிர்த்தி எடுத்த, 3000 அகலமும் 4000 உயரமும் உள்ள படத்தில் 500, 3500 என்ற புள்ளியை மாற்றிக் கொடுத்தால் எக்ஸ் 3500 ஆகிவிடும். அது படத்துக்கு வெளியே இருக்கிறது. ஓபன்சிவி எதுவும் சொல்லாமல் அதை வெட்டிவிடும். பொருளைச் சுற்றிய பெட்டியைக் கணக்கிடும் பவுண்டிங்ரெக்ட் (boundingRect) தருவது எக்ஸ், ஒய், அகலம், உயரம். பெட்டியை வரையும் ரெக்டாங்கிளுக்கு (rectangle) இரண்டு மூலைப் புள்ளிகள் கொடுக்க வேண்டும். அகலத்தையும் உயரத்தையும் அப்படியே இரண்டாவது மூலையாகக் கொடுத்தால் பெட்டி சம்பந்தமில்லாத இடத்தில் இழுத்துக்கொண்டு நிற்கும். எக்ஸோடு அகலத்தையும், ஒய்யோடு உயரத்தையும் கூட்டிக் கொடுங்கள். மாடலுக்காகப் படத்தை 640க்கு 640 ஆகச் சுருக்கியிருந்தால், வரும் எண்களை மூலப் படத்தின் அளவுக்குத் திரும்பப் பெருக்கவும் வேண்டும்.

வெற்றுத் தாளுக்காக, எண் அட்டவணைகளைக் கையாளும் நம்பையில் (NumPy) ஜீரோஸ் போட்டு வரையும்போது டைப் சொல்லாவிட்டால் அது ஃப்ளோட், அதாவது தசம எண், ஆகிவிடும். படத்தைத் திரையில் காட்டும் இம்ஷோ (imshow), ஃப்ளோட் படத்தில் 1ஐயே முழு வெளிச்சமாக எடுத்துக்கொள்ளும். அதனால் 100 என்று சாம்பல் நிறம் கொடுத்தாலும் வெள்ளைதான் தெரியும். டைப்பை யுஇன்ட்8 (uint8, 0 முதல் 255 வரையான முழு எண்) என்று எழுதிவிட்டால் சரி.

எரர் காட்டும் பிழைகள் எவ்வளவோ மேல். மாடல் தரும் தசம எண்களை அப்படியே புள்ளியாகக் கொடுத்தால் 'பார்ஸ் பண்ண முடியவில்லை' என்று வரும், இன்ட் போட்டு முழு எண்ணாக்குங்கள். இடவலம் திருப்பிய ஆரேயில் (படத்தின் எண் அட்டவணையில்) லேஅவுட் எரர் வந்தால் ஒரு காப்பி எடுத்து அதில் வரையுங்கள். ஆனால் இம்ஷோவுக்குப் பின் வெயிட்கீ (waitKey) இல்லாவிட்டால் எரர் இல்லாமலே ஜன்னல் வெறுமையாக நிற்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியவை இரண்டு உண்டு. விண்டோஸில் ஃபோல்டருக்கு 'கூந்தன்குளம்' என்று தமிழிலேயே பெயர் வைத்தால் படத்தைத் திறக்கும் இம்ரீட் (imread) அதைத் திறக்காமல் நன் (None, 'எதுவும் இல்லை') என்று திருப்பித் தரலாம். எரர் அங்கே வராது, பல வரிகள் தள்ளி வரைகிற இடத்தில்தான் வரும். ஆகவே படத்தைத் திறந்த அடுத்த வரியிலேயே அது நன்னா என்று சோதியுங்கள். தமிழ்ப் பெயரே வேண்டுமென்றால் நம்பையின் ஃப்ரம்ஃபைல் (fromfile) மூலம் படித்து ஓபன்சிவியின் இம்டிகோடில் (imdecode) கொடுக்கலாம்.

இன்னொன்று, பெட்டிக்கு மேலே 'நாரை' என்று தமிழில் எழுதும் ஆசை. ஓபன்சிவியின் புட்டெக்ஸ்டில் (putText) எழுதினால் கேள்விக்குறிகள்தான் வரும், அதிலுள்ள ஹெர்ஷி எழுத்துருக்களில் தமிழ் இல்லை. பில்லோ (Pillow) என்ற இன்னொரு படத் தொகுப்புக்கு மாறி நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுங்கள். அப்போதும் ஒற்றைக்கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், உங்கள் பில்லோவில் எழுத்துகளைச் சரியான வரிசையில் அமைக்கும் ராக்ம் (Raqm) இல்லை என்று பொருள். பில்லோவின் ஃபீச்சர்ஸில் செக் செய்தால் தெரிந்துவிடும். எழுதி முடித்ததும் நிற வரிசையைத் திரும்ப ஓபன்சிவிக்கு ஏற்ப மாற்றிவிட்டுச் சேமியுங்கள்.