உடைந்த பேட்டின் நுனியில் ஒரு துடைப்பம்

"மகளின் பாட்மின்டன் பேட், ஜோடியாக ஆடியவளின் பேட்டில் மோதி முறிந்துவிட்டது. கார்பன் இழை எஃகைவிட வலுவானது என்றார்களே?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இழை வலுவானதுதான். சுமார் 7 மைக்ரான் தடிமன், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. டி300 என்ற பழைய ரகமே 3.5 கிகாபாஸ்கல் இழுவையை, அதாவது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 350 கிலோ எடையைத் தாங்கும். இழைகளை எபாக்சி பிசினில் தோய்த்துச் சூட்டில் இறுகவைத்தால் பேட்டும் ஆகும், விமான இறக்கையும் ஆகும். ஆனால் இழுவையைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. ரோல்ஸ் ராய்ஸ் ஆர்பி211 என்ற விமான எஞ்சினுக்குச் செய்த கார்பன் இழை விசிறி இறக்கைகள், 1970-ல் பறவை மோதல் சோதனையில் சிதறின. கடைசியில் டைட்டானியம் என்ற உலோகத்துக்கே போனார்கள்.

விரிசல் பிசினைக் கிழித்துக்கொண்டு வந்து ஓர் இழையில் முட்டுகிறது என்று வையுங்கள். பிசின் இழையை இறுகப் பிடித்திருந்தால் இழையும் அங்கேயே முறியும், முருங்கைக் கிளை மாதிரி மளுக்கென்று. பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் விரிசல் இழையோரமாகத் திரும்பிவிடும். இழை அறாமல் விரிசலின் இரு கரைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பிறகு அதுவும் அறும். எங்கே? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத குறைகள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. எல்லா இழையும் குறையே இல்லாமல் ஒரே சீராக இருந்தால், இழுவை உச்சத்தில் இருக்கும் விரிசல் வாயிலேயே எல்லாம் அறுந்துபோகும். குறை இருப்பதால் ஓர் இழை பிசினுக்குள் சற்று ஆழத்தில் அறுகிறது, பக்கத்து இழை வேறோர் ஆழத்தில். அறுந்த முனைகளைப் பிசினிலிருந்து உரசி உரசி உருவியாக வேண்டும். அடியின் ஆற்றலை அந்த உராய்வு தின்றுவிடுகிறது.

வலுவான இழை கூடுதல் ஆழத்தில் அறும். உருவ வேண்டிய நீளமும் கூடும். உருவும் வேலை அந்த நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், பிசினின் பிடி மாறாதவரை, வலு இரு மடங்கானால் வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு. வலுவான இழையை வாங்கிப் போட்டுவிட்டுப் பிடியையும் இறுக்கிவிட்டால் இந்த லாபம் கரைந்துபோகும். அதனால்தான் சொல்கிறேன், புது இழை செய்யும் ஆய்வுக்குக் கொடுக்கும் பணத்துக்கு நிகராக, அதை உடைத்துப் பார்க்கும் ஆய்வுக்கும் கொடுக்க வேண்டும்.

உங்கள் மகளின் பேட் வாங்கியது பக்கவாட்டு அடி. குழாயின் மெல்லிய சுவர் நசுங்கும்போது இழையின் நீளவாட்டு வலு அதிகம் உதவாது. இருந்தாலும் முறிந்த நுனியை ஒரு லென்ஸில் பாருங்கள், வெறுங்கையால் தொடாமல், சிலாம்பு ஏறும். சாக்பீஸ் ஒடிந்ததுபோல் வழவழவென்று இருக்கும் இடத்தில் விரிசல் நேராகப் பாய்ந்திருக்கிறது. துடைப்பம்போல் கறுப்பு மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இழைகள் கடைசிவரை இழுத்துப் பிடித்திருக்கின்றன.